வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த வீடுகள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள கிரேட் ரிஸ்ஸிங்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த சோல்ஸ் குடும்பத்தைப் பற்றிச் சில வரிகள் குறிப்பிட்டிருந்தேன். வில்லியம் சோல்ஸ் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. அவருக்கும் ஆனிக்கும் பிறந்த மகன்களில் ஐந்து பேர் முதல் உலகப் போரில் மாண்டனர். ஆல்பர்ட் 1916 மார்ச் மாதத்திலும், ஃபிரெட் அதே ஆண்டு ஜூலையிலும், வால்ட்டர் ஆகஸ்ட்டிலும் இறந்தனர். இரட்டையர்களான ஆல்ஃபிரெடும் ஆர்தரும் 1918 ஏப்ரலில் ஐந்து நாள் இடைவெளியில் இறந்தனர். அந்தச் சில வரிகளுக்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கை என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஒரே வீட்டிலிருந்து ஐந்து பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பப் பெற்றோருக்கு எப்படி மனம் வந்தது? அரசாங்கம் கட்டாயப்படுத்தியதா?
– கல்லூரி மாணவி ஒருவர்

தொடக்கத்தில் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவைக்கான சட்டம் 1916 ஜனவரியில்தான் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளில் போனவர்கள் அனைவரும் தாமாகவே பெயர் கொடுத்தவர்கள். அந்தத் 'தாமாக' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

போர் தொடங்கிய 1914 ஆகஸ்ட்டில் பல நெசவாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை திடீரென்று குறைந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம். தொகை சிறியதுதான் என்றாலும், சாப்பாடும் துணியும் அதற்கு மேல் கிடைத்தன. வீட்டில் அவனை நம்பியிருந்தவர்களுக்குத் தனியாக ஒரு படித்தொகையும் வந்தது. குளிர்காலத்தில் வேலை கிடைக்குமா என்று தெரியாத ஓர் இளைஞன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. நாட்டுப்பற்று இல்லை என்று சொல்லவரவில்லை. பற்றும் பசியும் ஒரே வரிசையில் நின்றன என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு காரணம், ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே பணியாற்றலாம் என்ற வாக்குறுதி. லிவர்பூலில் டெர்பி பிரபு தொடங்கிவைத்த இந்த முறையில், ஓர் ஊரின் நண்பர்களையும் ஓர் ஆலையின் தொழிலாளர்களையும் அண்ணன் தம்பிகளையும் ஒரே படைப்பிரிவில் வைத்தார்கள். 'தோழர் படைகள்' என்ற பெயரும் அவற்றுக்கு நிலைத்தது. தம்பியைத் தனியாக அனுப்பத் தயங்கிய தாய், அண்ணனும் உடன் போகிறான் என்று ஆறுதல் கொண்டிருப்பாள். அந்த ஆறுதலே பின்னர் வினையாக முடிந்தது. லங்காஷயரின் அக்ரிங்டன் என்னும் ஆலை நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் திரட்டப்பட்ட படைப்பிரிவு, 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சொம் போர்முனையில் செர் என்ற கிராமத்தை நோக்கி முன்னேறியது. ஏறத்தாழ 700 பேர் இறங்கினார்கள். அரை மணி நேரத்துக்குள் 235 பேர் இறந்தார்கள், 350 பேர் காயமுற்றார்கள். செய்தி ஊருக்கு எட்டியபோது, சன்னல் திரைகள் இழுத்து மூடப்படாத தெருவே இல்லை என்று அந்நாளைக் கண்டவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சன்னல் திரையை மூடிவைப்பது அங்கே துக்க வீட்டின் அடையாளம்.

கேள்வி: எந்தப் போரிலும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே சாகிறான்? பணக்காரன் பின்னால் நின்று கட்டளை இடுகிறான். இதை நீங்கள் ஏன் வெளிப்படையாக எழுதவில்லை?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்

ஐயா, முதல் உலகப் போரைப் பொறுத்தவரை அது உண்மை இல்லை என்பதால்தான் எழுதவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே. நாட்டில் அவர்களே பெரும்பான்மையினராக இருந்ததால் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் விகிதத்தில் பார்த்தால், பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாய்களில் சுமார் 12 விழுக்காட்டினரும் அதிகாரிகளில் சுமார் 17 விழுக்காட்டினரும் இறந்தனர். பதுங்குகுழியிலிருந்து முதலில் மேலேறி வழிநடத்தியவன் பிரபு வீட்டிலிருந்தோ வசதியான வீட்டிலிருந்தோ வந்த இளம் அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்துப் போருக்குப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை.

ஏழ்மை சிலரைச் சாவிலிருந்து காத்த வேடிக்கையும் நடந்தது. 1917–18-இல் நடந்த மருத்துவப் பரிசோதனைகளில், வந்தவர்களில் சுமார் 36 விழுக்காட்டினர் மட்டுமே முழுத் தகுதி உடையவர்களாகக் கணிக்கப்பட்டனர். ஆலையிலும் சேரியிலும் வளர்ந்து, ஒடுங்கிய மார்போடும் சொத்தைப் பற்களோடும் வந்து நின்றவர்களைப் பார்த்து ஆட்சியாளர்களே திடுக்கிட்டுப் போனார்கள்.

ஆகவே சாவு வர்க்கம் பார்த்து வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. சாவுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவை, அதாவது செய்தி, பணம், கல்லறை ஆகியவை, வர்க்கம் பார்த்து வந்தன என்று சொல்ல முடியும். அடுத்த மூன்று கேள்விகளும் நல்வாய்ப்பாக அவற்றைப் பற்றியவையே.

கேள்வி: மகன் இறந்த செய்தி பெற்றோருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? படங்களில் காட்டுவதுபோல் தந்திக்காரர் கதவைத் தட்டினாரா?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

இறந்தவர் அதிகாரியாக இருந்தால் தட்டினார். போர் அலுவலகம் அதிகாரிகளின் குடும்பத்துக்குத் தந்தி அனுப்பியது. சாதாரணச் சிப்பாயின் குடும்பத்துக்குப் போனது பி 104-82 என்ற எண்ணுள்ள ஒரு படிவம். 'தெரிவிக்க வேண்டிய துயரமான கடமை' என்ற பொருளில் தொடங்கும் வாசகங்கள் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். எண், பதவி, பெயர், நாள், இடம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட இடைவெளிகளை ஆவண அலுவலகத்தில் ஓர் எழுத்தர் நிரப்புவார். பிறகு அது மற்றக் கடிதங்களோடு சாதாரண அஞ்சலில் போகும். காணாமற்போனவனுக்கு வேறொரு எண்ணில் வேறொரு படிவம் இருந்தது.

இந்தப் படிவம் வந்துசேர வாரக்கணக்கில் ஆனதும் உண்டு. அதற்குள் செய்தி வேறு வழிகளில் கசிந்துவிடும். மகனோடு இருந்த நண்பன் தன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வீட்டுத் தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போகவா வேண்டாமா என்று தவித்திருப்பாள். சில வீடுகளுக்கு, மகனுக்குத் தாய் எழுதிய கடிதங்களே, அவன் கொல்லப்பட்டான் என்று உறையின்மேல் எழுதப்பட்டுத் திரும்பி வந்தன. படைப் பாதிரியாரோ மருத்துவமனைச் செவிலியோ கைப்பட எழுதிய கடிதம் வரப்பெற்ற வீடுகள் அவற்றைத் தலைமுறைகளாகப் பாதுகாத்தன. அவன் வலியின்றி உடனே இறந்தான் என்று ஏறக்குறைய ஒவ்வொரு கடிதமும் சொன்னது. எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

வேறுபாட்டுக்குக் காரணம் ஈவிரக்கமின்மை மட்டும் அன்று என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1916 ஜூலை 1 என்ற ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். காயமுற்றவர்களையும் சேர்த்தால் இழப்பு 57,470. அத்தனை வீடுகளுக்கும் தந்தி அனுப்புவது நடவாத செயல் என்று அதிகாரிகள் கருதியிருக்கலாம். ஆனால் சுமையைக் குறைக்க எந்த வீடுகளைக் காத்திருக்க வைப்பது என்று முடிவு செய்தபோது அவர்களுக்கு ஐயமே எழவில்லை.

கேள்வி: உழைத்துச் சம்பாதிக்கும் மகன் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு அரசு என்ன கொடுத்தது?
– சிறு கடை நடத்தும் வாசகர் ஒருவர்

முதலில் அந்த வீட்டில் மகனின் சம்பளம் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். திருமணமாகாத மகன் வாரக் கூலியை அப்படியே தாயின் கையில் கொடுப்பான். தாய் அதிலிருந்து கொஞ்சம் கைச்செலவுக்குத் திருப்பித் தருவாள். பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் 70 வயது நிரம்பிய வறியவர்களுக்கு, அதிகபட்சம் வாரம் ஐந்து ஷில்லிங். எலும்பு தேய உழைத்த ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் கைகால் ஓய்ந்து உட்கார்ந்தால் எழுபது வரை அவரைத் தாங்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான். ஆகவே ஒரு மகனின் சாவு என்பது அன்றைய கூலி போனது மட்டும் அல்ல, நாளைய கஞ்சியும் போனது.

மனைவிக்கு ஓய்வூதியம் ஒரு நிர்ணயித்த அளவில் கிடைத்தது. பெற்றோருக்கு அப்படி இல்லை. போருக்கு முன் அந்த மகன் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்துவந்தான் என்று காட்டினால், அந்தச் சார்பு நிலையைப் பொறுத்துத் தொகை தீர்மானிக்கப்பட்டது. இதில் இருந்த அநியாயத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயதில் தொழில் பழகுபவனாக இருந்து, சொற்பக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவன் பட்டாளத்தில் சேர்ந்து செத்தால், அவன் கொடுத்துவந்தது சொற்பமே என்று பெற்றோருக்குக் கிடைப்பதும் சொற்பமாகும். அவன் பத்து ஆண்டு கழித்து என்ன சம்பாதித்திருப்பான், எவ்வளவு கொடுத்திருப்பான் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. இந்த விதிகளைப் பற்றி எழுந்த மனக்குறைகள் பிற்பாடு சில திருத்தங்களுக்கு வழிசெய்தன. ஆனி சோல்ஸுக்கு இறந்த மகன் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு ஷில்லிங் வீதம் கிடைத்ததாக அவ்வூரில் சொல்லப்பட்டுவருகிறது. மகன்கள் பட்டாளத்தில் வாங்கிய ஒரு நாள் சம்பளம் அது.

இதனோடு, இறந்தவனின் பாக்கிச் சம்பளம் கணக்குப் பார்க்கப்பட்டு உரியவருக்கு அனுப்பப்பட்டது. போர் முடிந்த பின் ஒரு வெண்கலத் தகடும் வந்தது. ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தகடு. பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா உருவமும் சிங்கமும் பொறித்து, இறந்தவரின் பெயரைப் பதவி குறிப்பிடாமல் புடைப்பெழுத்தில் வார்த்திருப்பார்கள். 13 லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்ட அந்தத் தகடு அன்றைய பென்னி நாணயத்தை ஒத்திருந்ததால், மக்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'. சில வீடுகளில் அதை மெருகேற்றிச் சுவரில் மாட்டினார்கள். சிலர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்து தகடுகளை ஒரு குடிசையில் எங்கே வைப்பது?

கேள்வி: உடல்களை ஊருக்குக் கொண்டுவர ஏன் அனுமதிக்கவில்லை? கல்லறையில் ஒரு வரி எழுதக்கூடக் காசு கேட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
– வாசகி ஒருவர்

இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதைக் கொடுமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

1915 ஏப்ரலில், முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் ஒருவர் பிரான்சில் கொல்லப்பட்டபோது, குடும்பத்தின் செல்வாக்கால் அவர் உடல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகு உடல்களைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. சுகாதாரக் காரணங்களும் சொல்லப்பட்டன. அதைவிட முக்கியமானது, பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் மட்டும் பிள்ளையைத் திரும்பப் பெறுவதும் மற்றவர்கள் பெற முடியாமற்போவதும் முறையா என்ற கேள்வி. 1917-இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் இதே வாதத்தை இறுதிவரை கடைப்பிடித்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு, ஒரே வடிவம் கொண்ட நடுகல். தனியார் நினைவுச் சின்னம் எழுப்ப அனுமதி இல்லை. உடலைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சிலுவை வடிவக் கல் வேண்டும் என்றும் எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் கடுமையான விவாதமே நடந்தது. ஆணையம் அசையவில்லை. அது சமத்துவத்துக்காகப் போட்ட விதி என்பதால் நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஓர் ஏழைத் தாய்க்கு அந்தச் சமத்துவத்தால் என்ன கிடைத்தது? வசதியுள்ள தாய் கப்பல் ஏறிப் போய் மகனின் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர முடிந்தது. கூலிக்காரத் தாய்க்கு பிரான்ஸ் என்பது நிலாவுக்குச் சமம். 1920-களில் செயின்ட் பர்னபாஸ் சங்கம் போன்றவை ஏழை உறவினர்களைக் குறைந்த செலவிலும் இலவசமாகவும் அழைத்துச் சென்றன. ஆனாலும் போக முடிந்தவர்கள் சிறு பகுதியினரே.

அமெரிக்கா வேறு வழியில் போனது. உடலைக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே விட வேண்டுமா என்று குடும்பங்களையே முடிவு செய்யச் சொன்னது. அங்கேயே விட்டவர்களின் தாய்மார்களையும் மனைவியரையும் 1930 முதல் 1933 வரை அரசுச் செலவில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தது. 6,600-க்கும் மேற்பட்ட பெண்கள் சென்று வந்தார்கள். ஆனால் கறுப்பினத் தாய்மார்களைத் தனிக் கப்பல்களில், தரம் குறைந்த வசதிகளுடன் அனுப்பியது.

எழுத்துக்குக் காசு கேட்ட கதைக்கு வருகிறேன். நடுகல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பும் ஒரு வரியைப் பொறிக்கலாம். இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. ஓர் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி; பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். 66 எழுத்தும் பொறித்தால் பத்தொன்பது ஷில்லிங் மூன்று பென்னி ஆகும். போருக்கு முன் ஒரு சராசரி விவசாயக் கூலித் தொழிலாளிக்கு ஒரு வாரக் கூலிகூட அவ்வளவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு, விரும்பினால் கொடுக்கலாம் என்று அதைத் தளர்த்தினார்கள். கனடா அரசு தானே அந்தச் செலவை ஏற்றது. சமத்துவம் கெடும் என்று நியூசிலாந்து அரசு அந்த வரியே வேண்டாம் என்றது. சில கற்களில் ஒரே ஒரு செல்லப்பெயரும், சில கற்களில் 'அம்மா' என்ற ஒற்றைச் சொல்லும் இருப்பதற்குச் சொல்வளம் இல்லாதது காரணமா, சில்லறை இல்லாதது காரணமா என்று பிரித்தறிய இன்று வழி இல்லை.

கேள்வி: சோல்ஸ் வீட்டுச் சன்னலில் மெழுகுவர்த்தி எரிந்தது என்கிறார்களே?
– அஞ்சலட்டையில் வந்த கேள்வி

ஃபிரெடின் உடல் கிடைக்கவில்லை. அவன் திரும்பி வரக்கூடும் என்று ஆனி சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததாக அவ்வூர் நினைவில் நிற்கிறது. சொம் போர்முனையில் உடல் கிடைக்காதவர்களுக்காகத் தியெப்வாலில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் மட்டும் 72,000-க்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. அத்தனை வீடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் அந்த மெழுகுவர்த்தி இருந்திருக்கும்.

கேள்வி: கடைசி மகனையாவது விட்டுவைக்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லையா?
– முன்னாள் படைவீரர் ஒருவர்

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் விதி இல்லை, மன்றாட்டு இருந்தது. டர்ஹாம் மாவட்டத்தின் பார்னார்ட் காசில் என்ற ஊரில் மார்கரெட் ஸ்மித்தின் ஆறு மகன்கள் போருக்குப் போனார்கள்; ஐவர் இறந்தனர். அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவி, பிரிட்டிஷ் அரசியாரான மேரிக்குக் கடிதம் எழுதினார். 1918-இல் அதன் பயனாக எஞ்சிய வில்ஃபிரெட் வீடு திரும்பினார். 1923-இல் அவ்வூர்ப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது முதல் மலர்வளையத்தை வைத்தவர் மார்கரெட். அரசியாருக்கு எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாத தாய்மார்கள் எத்தனை பேர் என்ற எண்ணம் எனக்கு இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது.

விதி பிறந்தது அமெரிக்காவில், அதுவும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் ரயில்வே ஊழியரான தாமஸ் சல்லிவனின் ஐந்து மகன்களும், ஒரே கப்பலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கடற்படையில் சேர்ந்தனர். 1942 நவம்பர் 13 அன்று பசிபிக் பெருங்கடலின் குவாடல்கனால் தீவு அருகே ஜூனோ என்ற அவர்களது போர்க்கப்பல் மூழ்கியது. ஏறக்குறைய 700 பேரில் பத்துப் பேரே பிழைத்தனர். 1943 ஜனவரியில் கடற்படையினர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, எந்த மகன் என்று தந்தை கேட்டார். ஐவரும் என்று பதில் வந்தது. அதன்பின் அந்தப் பெற்றோர் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, உற்பத்தியைப் பெருக்கும்படி தொழிலாளர்களிடம் பேசவைக்கப்பட்டனர். துக்கத்தையும் ஒரு நாடு வேலைக்கு அமர்த்தும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் எஞ்சிய ஒரே மகனுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு 1948-இல் சட்டமானது. சகோதரர்கள் ஒரே கப்பலில் பணியாற்றக் கூடாது என்று சட்டம் வந்ததாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இயற்றப்படவில்லை.

கேள்வி: அதே முதல் உலகப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் வீடுகளுக்கு இந்தச் சமத்துவம் பொருந்தியதா? என் பாட்டியின் மாமன் இராக்கின் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பவில்லை என்று கேட்டு வளர்ந்தேன்.
– வாசகர் ஒருவர்

பொருந்தவில்லை. மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன சிப்பாய்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பிறரைச் சொல்லி எழுதவைத்த கடிதங்கள் தணிக்கைக்காரர்களின் கைகளைத் தாண்டியே வீடு சேர்ந்தன. அந்தப் போரில் இறந்த இந்தியர்கள் சுமார் 74,000 பேர். பிரான்சில் நவ் ஷாப்பெல் நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 1929-இல் பஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், இந்தியப் படையைப் பொறுத்தவரை அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. மற்றவர்கள் இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெற்றார்கள். தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றில் காணப்படும் சிறு கல்வெட்டுகளிலும் இதே கதைதான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று இருக்கும்; பெயர் இருக்காது.

கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் பெரும்பான்மையாக உள்ள 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிப்பிட்டு நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது சொன்னது.

உங்கள் பாட்டியின் மாமனைத் தேட விரும்பினால் ஆணையத்தின் இணையதளப் பதிவுகளில் பார்க்கலாம். கல்லில் இல்லாத இந்தியப் பெயர்கள் பலவும் அங்கே இருக்கின்றன. அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியதால், ஒரே பெயரைப் பலவிதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும். பெயர் ஒத்துவருவதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்; பல பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் வட்டமும் மாவட்டமும் குறிக்கப்பட்டுள்ளன. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, பாட்டியின் மாமனுக்குத் தகப்பன் பெயர் என்ன, சொந்த ஊர் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.